ஹேவாஹெட்ட பேஸ் கிட்டாரின் நான்கு திருகாணிகள்

கண்டியில் நான் தங்கிய விடுதியில் ஒரு பெரிய பதிவேடு இருந்தது. பெயர், வயது, கடவுச்சீட்டு எண் எல்லாம் எழுதிவிட்டு, 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'பழைய பேஸ் கிட்டார் பார்க்க' என்று எழுதினேன். மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் கைகளைப் பார்த்தார்.

"இந்தியாவில கிட்டார் இல்லையா?"

"இருக்கு. இது வேற."

"வேற எண்டா?"

புதியவர்களிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் எனக்குப் பேச வராது. "ஜப்பான் கிட்டார்" என்றேன். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. போர் நடக்கிற நாட்டுக்கு, மதுரையிலிருந்து ஒருவன், ஜப்பான் கிட்டார் வாங்க வருகிறான். எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்கே அது பொய் போலத்தான் இருந்தது. மேலாளர் கடவுச்சீட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்று தனக்கு, ஒன்று போலீசுக்கு என்றார்.

வாசலில் மூன்று சக்கர வண்டியோடு நின்ற சந்திரன் இதைக் கேட்டுச் சிரித்தான். "கோயில் கும்பிட வந்தேன்னு எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்ண்ணே. இங்க உண்மைய சொன்னாத்தான் ரெண்டாவது கேள்வி வரும்."

சந்திரன் என் பட்டறையில் வேலை செய்யும் தங்கராசுவின் அக்கா மகன். அந்தக் குடும்பத்தில் பாதி, தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியா வந்துவிட்டது. மீதிப் பாதி கண்டிக்கு மேலே, ஹேவாஹெட்டத் தோட்டத்திலேயே இருக்கிறது. கண்டியில் வண்டி ஓட்டும் சந்திரன்தான் இரண்டு மாதம் முன்பு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். கட்டில் விரிப்பின் மேல் ஒரு பேஸ் கிட்டார் கிடக்கிற படம். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் மதுரையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. இருபது வருஷம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்தேன். பேஸ் வாசிப்பவன் டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு விழாத இடத்தில் நிற்பான். அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். அவன் நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரியும். எனக்கு அது பொருத்தமான இடம். கீபோர்டுக்காரரே பேஸையும் சேர்த்து வாசிக்கத் தொடங்கிய பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. பழைய ஜப்பான் பேஸ் கிட்டார்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன்.

அறுபதுகளில் ஜப்பானின் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் இவற்றைச் செய்து கப்பலில் அனுப்பின. அப்போது மலிவுச் சரக்கு என்று பெயர். தொழிற்சாலைகள் மூடிய பிறகுதான் அதன் மரமும் காயிலும் எப்படிப்பட்டவை என்று தெரிந்தது. என் வீட்டுச் சுவரில் ஏழு இருக்கின்றன. சந்திரன் அனுப்பிய படத்தில் இருந்தது எட்டாவது. குட்டைக் கழுத்து, இரண்டு கொம்பு, முத்து நிறத்தில் நான்கு தந்தி முறுக்கிகள். கொஞ்ச காலமே செய்யப்பட்ட வகை. முழுசாக ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

எங்களைப் போன்றவர்கள் பழைய கிட்டாரைக் கையில் எடுத்ததும் முதலில் பின்பக்கம் திருப்புவோம். அங்கே ஒரு இரும்புத் தகடும், கழுத்தை உடம்போடு பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளும் இருக்கும். திருகாணியின் தலையில் உள்ள சிலுவைக் கீறல் கூர்மையாக இருந்தால், யாரும் திறக்கவில்லை, எல்லாம் அசல் என்று அர்த்தம். அது மழுங்கியிருந்தால் யாரோ கழற்றி எதையோ மாற்றியிருக்கிறார்கள். இதை வைத்து எத்தனையோ ஏமாற்றுக்காரர்களைக் கண்டுபிடித்திருக்கிறேன். சில நல்லவர்களையும் சந்தேகப்பட்டிருப்பேன். அது தெரிய வழியில்லை.

அன்று மாலை கொத்து ரொட்டி சாப்பிட்டோம். மதுரையில் பரோட்டாவைக் கொத்தும் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இங்கே இரண்டு தகடுகளையும் தாளம் பிசகாமல் போட்டார்கள். சந்திரன் நடுவில் எழுந்து போய் யாருடனோ இரண்டு தடவை தொலைபேசியில் பேசினான். என்னைப் பார்த்துக்கொண்டே பேசினான். இவனுக்கு இதில் என்ன வருகிறது என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும். எங்கள் வீட்டில் இடியப்பம் என்றால் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். இங்கே மஞ்சள் குழம்பை ஊற்றி, சிவந்த சம்பலை ஓரத்தில் வைக்கிறார்கள். பரிமாறியவர் என் இலையைப் பார்க்காமல் என் தோள்பையைப் பார்த்தபடி ஊற்றியதில் பாதிச் சொதி மேசைக்குப் போனது.

அந்தப் பையில்தான் என் சாமான்கள் இருந்தன. இரண்டு திருப்புளி, ஒரு பூதக்கண்ணாடி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் காயில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மல்ட்டிமீட்டர். தலாத்துஓயாவைத் தாண்டி ஒரு வளைவில் ராணுவக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். மெலிந்த, இளம் மீசை வைத்த சிப்பாய் பையைத் திறந்தார். மல்ட்டிமீட்டரையும் அதில் தொங்கிய சிவப்பு, கறுப்பு வயர்களையும் மேலே தூக்கினார். சாலையில் நின்ற எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். சந்திரனும் போனான்.

"இது என்ன என்று கேட்கிறார்" என்றான் சந்திரன், தூரத்தில் இருந்தே.

"கிட்டார் சோதிக்க."

சந்திரன் அதைச் சிங்களத்தில் சொன்னான். சிப்பாய் நீளமாக ஏதோ கேட்டார். சந்திரன் எனக்குச் சொன்னான்: "கிட்டார் எங்கே என்கிறார்."

"இன்னும் வாங்கல."

அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் சிப்பாய் திருப்புளிகளையும் மீட்டரையும் ஒரு துணியில் சுற்றி, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். பூதக்கண்ணாடியை என்னிடமே தந்தார். அதன் வழியாக என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

அதற்கு மேல் ஏற்றம். நடுவழியில் வண்டி மூச்சை விட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. இறங்கித் தள்ளினேன். தேயிலை நிரைகளுக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரு சந்திரா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, ஒன்னையத்தான் பாக்க வந்தாரு. வண்டி தள்ளுற பலம் இருக்கான்னு மொதல்ல பாத்துக்க."

"தள்ளுறதப் பாத்தா சாயங்காலம்தான் வந்து சேருவாரு. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

நான் தலையைக் குனிந்து தள்ளினேன். பக்கத்தில் நெருங்கியதும் அவர்கள் வாளி நிறைய தண்ணீரும் ஒரு குட்டைக் கயிறும் தந்தார்கள். கயிறு எதற்கு என்று இன்றுவரை தெரியாது. சூடான இஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றியதும் வண்டி கிளம்பியது.

கிட்டாரின் சொந்தக்காரர் றெஜினா டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். அவருடைய கணவர் ஜெயம் அதே தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். சனிக்கிழமைகளில் கண்டிக்கு இறங்கி, ஒரு ஹோட்டலின் நடன இரவுகளில் பேஸ் வாசித்தவர். சர்க்கரை வியாதியில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. டீச்சரைக் கனடாவில் இருக்கும் மகள் கூப்பிட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவியைத் தோட்டத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் மூட்டைகளும் இரண்டு நாற்காலிகளும் ஒரு பெரிய அலுமாரியும்தான் மிச்சம்.

"இருங்கோ தம்பி. மழையிலை நனைஞ்சு போனியள். தேத்தண்ணி போடுறன்."

கிட்டார் கட்டிலில் கிடந்தது. படத்தில் இருந்ததைவிட நிறம் ஆழமாக இருந்தது. நடுவில் தேன் நிறம், ஓரத்தில் கறுப்பு. முறுக்கிகள் நான்கும் அசல். இரண்டு பிக்கப்பும் அசல். தலையின் நுனி மட்டும் ஒரு பக்கம் வார்னிஷ் தேய்ந்து, வெறும் மரம் தெரிந்தது. அது எனக்கு முதல் உறுத்தல். பின்பக்கம் திருப்பினேன்.

நான்கு திருகாணிகளின் தலையும் குதறிக் கிடந்தன. சிலுவைக் கீறல் என்று ஒன்று இல்லை. நான்கு சின்னக் குழிகள்தான் இருந்தன. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நூறு தடவை திறந்த மாதிரி. திருப்புளி கையில் இருந்திருந்தால் கழற்றி உள்ளே உள்ள தொழிற்சாலை முத்திரையைப் பார்த்திருப்பேன். அது வளைவில், சிப்பாயின் துணிக்குள் இருந்தது.

டீச்சர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இல்லங்க. பின்னாடி பாத்தேன். கழுத்த மாத்தியிருக்காங்க."

"ஆர் மாத்தினது?"

"தெரியலைங்க. ஸ்குரு எல்லாம் போயிருக்கு. தலையும் தேஞ்சிருக்கு. இது வேற கிட்டாரோட கழுத்து."

டீச்சர் கோப்பையை மூட்டை ஒன்றின் மேல் வைத்தார். கிட்டாரை எடுத்து, விரிப்பால் சுற்றினார். மெதுவாகச் சுற்றினார்.

"முப்பத்தி மூண்டு வருஷம் அந்த மனுசன்ரை கையிலை இருந்தது. வேறை கழுத்து எண்டு நீங்கள் வந்து சொல்லுறியள்."

"நான் உங்களச் சொல்லலைங்க."

"ஏன் கழட்டினது எண்டு கேட்டிருந்தா சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்லை. மாத்தியாச்சு எண்டு தீர்ப்பல்லோ சொன்னியள்." கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "பரவாயில்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. அக்குறணைக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வாறன் எண்டவர். அவர் கொண்டு போகட்டும்."

தேநீரைச் சூடாகவே விழுங்கினேன்.

சந்திரனின் வீடு அடுத்த லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். அங்கே அவன் மனைவி கோழிக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். முந்தின நாள் மாலை அவன் இரண்டு தடவை பேசியது இவளிடம்தான். விருந்தாளிக்கு மாட்டிறைச்சி ஆகுமா, கோழி ஆகுமா என்று அவள் கேட்க, அவன் என் முகத்தைப் பார்த்துக் கோழி என்று முடிவு செய்திருக்கிறான். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பும் வழியில் சந்திரன் பேசவே இல்லை. வளைவில் சிப்பாய் என் சாமான்களைத் தந்து, கிட்டார் எங்கே என்று மறுபடியும் கேட்டார். நான் கையை விரித்தேன்.

மூன்றாம் நாள் அக்குறணைக்குத் தனியாகப் போனேன். டீச்சர் சொன்ன கடைக்காரரைப் பார்க்கத்தான். அவருக்கு எதற்கு அந்தக் கிட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்து மாற்றியதை அவர் வாங்குகிறார் என்றால், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் நடத்துநர்கள் ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் பத்துத் தடவை கூவுகிறார்கள். பஸ் புறப்பட்டதும் ஒலிபெருக்கியில், உங்கள் இருக்கைக்குக் கீழே பாருங்கள் என்று ஒரு குரல் மும்மொழியிலும் சொன்னது. எல்லோரும் குனிந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தன் இருக்கைக்குக் கீழே பார்த்துவிட்டு என் இருக்கைக்குக் கீழேயும் பார்த்தார். எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். இங்கே துண்டு தனியாகக் கிடந்தால் பஸ்ஸே காலியாகிவிடும்.

அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் நிஸாமின் கடை, பஸார் நடுவில். பழைய வானொலிகள், ஆம்பிளிபயர்கள், கூம்பு ஒலிபெருக்கிகள். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர். பருமனான, சிரித்த முகம். சிரித்த முகக் கடைக்காரர்களை நான் நம்புவதில்லை. இந்தியாவிலிருந்து கிட்டார் பார்க்க வந்தேன் என்றதும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நாட்டில் நான் சொன்னதை அப்படியே நம்பிய முதல் ஆள் அவர்தான். அதனால் இன்னும் சந்தேகப்பட்டேன்.

"இரிங்க. வட்டிலப்பம் இரிக்கி, தின்னுங்க. மறுகா சாமானப் பாப்போம்."

உள்ளேயிருந்து ஒரு பேஸ் கிட்டாரைக் கொண்டு வந்தார். டீச்சர் வீட்டில் பார்த்த அதே வகை. அதே தேன் நிறம். பின்பக்கம் திருப்பினேன். நான்கு திருகாணிகளும் கண்ணாடி மாதிரி இருந்தன. கீறல் ஒன்றுகூட மழுங்கவில்லை.

"இதான்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

நானா வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்குரு நல்லா இரிக்கா? போன மாசம் நான்தான் போட்டேன். ஒங்கட ஊரு ஆள் ஒருத்தர் முன்னமும் வந்தார். அவரும் பின்பக்கம்தான் பாத்தார். முன்னால திருப்பவே இல்ல. அதுக்குத்தான் புதுசு வாங்கிப் போட்டேன்."

"அப்ப உள்ள?"

"உள்ளுக்கு ஒண்டும் இல்ல. பிக்கப் ரெண்டும் வெறும் மூடி. பொய் சொல்லி விக்க மாட்டேன் மகன். டீச்சர்ட சாமான் வெள்ளிக்கிழம வருது. அதுல ரெண்டு பிக்கப்பையும் கழட்டி இதுல போட்டா இது முழுசாகும். அப்ப வாங்க, தாரேன்."

"டீச்சரோடது?"

"மிச்சம் என்னத்துக்கு? கழுத்து, உடம்பு, வெறும் பலகைதானே. டீச்சருக்கும் தெரியும், சொல்லிட்டேன்."

கருப்பட்டியில் செய்த அந்த வட்டிலப்பத்தைத் தொண்டைக்குள் தள்ளினேன். நேற்று நான் வேண்டாம் என்றதால் அந்தக் கிட்டார் இப்படித் துண்டாகப் போகிறது. கழுத்து மாற்றிய சாமான் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு பிக்கப்பும் அசலாக இருந்த கிட்டார் அது.

"அதுல ஸ்குரு எல்லாம் குதறியிருக்கே நானா" என்றேன். கேள்வியா பதிலா என்று தெரியாத குரலில்.

நானாவின் சிரிப்பு நின்றது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஹோட்டலுக்கு சனிக்கெழம ஆம்பிளிபயர் குடுத்தது நான்தான். மொதல்ல ஜெயம் நீளப் பெட்டியோடதான் வருவார். ஒரு நாள் செக் பாயிண்ட்ல எறக்கிட்டாங்க. நீளப் பெட்டி, தமிழ் ஆள். சொல்லணுமா? இது என்னண்டு ஆமிக்காரன் கேட்டான். கிட்டார்ண்டார். வாசின்டான். வாசிச்சார்." நானா என் விரல்களைப் பார்த்தார். "நீங்க வாசிக்கிறவர்தானே. கரண்ட் இல்லாம இந்த சாமான் என்ன சத்தம் போடும்?"

"ஒண்ணும் போடாது. கொசு மாதிரி."

"ஆ. அவன் காதக் கிட்ட கொண்டு வந்து கேட்டான். சத்தம் இல்ல. சத்தம் வராத கிட்டார் என்ன கிட்டார்? அந்திமட்டும் அவரையும் டீச்சரையும் மழையில நிப்பாட்டி வச்சான். டான்ஸ் கேன்சல். அதுக்குப் பொறகு பெட்டி வரல்ல. உடம்பு ஜெயம்ட பேக்ல, கழுத்து டீச்சர்ட மரக்கறிப் பையில. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வேற வேற கதவால ஏறுவாங்க, தெரியாத ஆள் மாதிரி. அந்த ஹோட்டல் குசினிக்குப் பின்னால வந்து உக்காந்து, டீச்சர்தான் பூட்டுவா. முடிஞ்சா அவதான் கழட்டுவா. ஒவ்வொரு சனிக்கெழமையும். எத்தின வருஷம். ஸ்குரு எப்பிடியிரிக்கும்?"

நான் எழுந்துவிட்டேன். மீதி வட்டிலப்பத்தை நானா ஒரு தாளில் மடித்துத் தந்தார். "நீங்க எடுக்கிறதா இருந்தா எடுங்க. நான் வெள்ளிக்கெழம போகல்ல. நாளைக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்றார். இந்த வியாபாரத்தில் இப்படிச் சொன்ன ஒரு ஆளை நான் முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை சந்திரனிடம் மறுபடியும் ஹேவாஹெட்ட என்றேன். "தீர்ப்ப மாத்தப் போறீங்களா?" என்று கேட்டான். இரண்டு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சாமான் பையை விடுதியிலேயே வைத்துவிட்டேன். வளைவில் அதே சிப்பாய் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு வழிவிட்டார்.

டீச்சர் கதவைத் திறந்து, வழி விடாமல் நின்றார். பணம் இருந்த சட்டைப்பையைத் தடவிக்கொண்டு, ஏற்றம் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"டீச்சர், அத ஏன் கழட்டுனீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "அக்குறணைக்குப் போனியளோ?"

"ஆமாங்க."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதானே கேக்கிறியள்."

"தெரிஞ்சுதான். ஆனா கேக்கணும்ல."

வழி விட்டார். உள்ளே போய்க் கிட்டாரை விரிப்போடு கொண்டு வந்து என் மடியில் வைத்தார். "நிஸாம் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனா எதாலை கழட்டினது எண்டு அவருக்குத் தெரியாது." அலுமாரி இழுப்பறையைத் திறந்து ஒரு நகவெட்டியை எடுத்தார். அதன் அரம் பக்கம் வளைந்து, நுனி உடைந்திருந்தது. "ஸ்குரு டிரைவர் கொண்டு போனா அதுக்கொரு கேள்வி. ரெண்டு தரம் பறிச்சவங்கள். நகவெட்டியை ஒருத்தரும் பறிக்கேல்லை. இது அஞ்சாவது நகவெட்டி."

என் திருப்புளிகளைச் சுற்றி வைத்த அந்தத் துணியை நினைத்துக்கொண்டேன்.

"இண்டைக்கெண்டாலும் வாசிப்பியளோ?"

மற்றவர் முன்னால் நான் வாசித்துப் பத்து வருஷம் இருக்கும். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்திரன் வாசலில் சாய்ந்து நின்றான். நான் எழுந்து, அறையில் மரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பேஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் ஆம்பிளிபயர் வாங்குவதற்கு முன்னால் செய்த வேலை ஒன்று உண்டு. கிட்டாரின் தலையை மர பீரோவில் அழுத்திக்கொண்டு வாசித்தால், பீரோ முழுவதும் கிட்டாராகிவிடும். நானும் அப்படித்தான் பழகினேன். அலுமாரியின் பக்கவாட்டில் தலையைச் சாய்க்கப் போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்தது. என் நெஞ்சு உயரத்தில், விரல்நுனி அகலத்தில். அதைச் சுற்றி அலுமாரியின் வார்னிஷ் போய்விட்டிருந்தது. கிட்டாரின் தலையை அதில் வைத்தேன். சாவி பூட்டில் இறங்குவதுபோல் உட்கார்ந்தது. தேய்ந்த நுனி அப்படியே பள்ளத்தில் பொருந்தியது. பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷமும் இதே கழுத்துதான்.

வாசித்தேன். தெரிந்த பாட்டு எதுவும் இல்லை, நடன மேடைகளில் போடும் நான்கு சுரச் சுற்று ஒன்றுதான். அலுமாரிக்குள் இருந்து சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சரின் இடது கால் தாளம் போட்டது. அதை அவர் கவனிக்கவில்லை போலிருந்தது. போதும் என்று அவர் சொல்லாததால் நானும் நிறுத்தவில்லை. கை வலித்த பிறகுதான் நிறுத்தினேன்.

"அவர் இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிப்பார்" என்றார் டீச்சர். "சரி, கொண்டு போங்கோ. ஆனா ரெண்டையும் ஒண்டாக் கொண்டு போகாதேங்கோ."

நான் நீட்டிய பணத்தை வாங்கி வைத்துவிட்டு, நகவெட்டியை என்னிடமே தந்தார். தந்திகளைத் தளர்த்தி, சுருட்டி, ஒரு பால்பவுடர் டின்னில் போட்டோம். மூன்று திருகாணிகள் பழக்கப்பட்ட மாதிரி வந்தன. நான்காவதில் எனக்கு நகவெட்டி நழுவியது. உடம்பைத் தலையணை உறையில் போட்டுச் சந்திரன் வண்டியின் பின்னால் வைத்தான். கழுத்தை டீச்சர் ஒரு சாக்கில், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் தலைகீழாகச் செருகினார். எத்தனை கட்டு உள்ளே, எத்தனை வெளியே என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. சந்திரன் முன்னால் போனான். நான் சாக்கோடு பஸ்ஸில் ஏறினேன். ஏறுவதற்கு முன் நிஸாம் நானாவுக்குச் சொல்லி அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன்.

வளைவில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. இளம் மீசைச் சிப்பாய் என்னை அடையாளம் கண்டு, சாக்குக்குள் கையை விட்டார். லீக்ஸுக்கு நடுவிலிருந்து ஒரு சாண் மரம் மேலே வந்தது. கழுத்தின் அடிப்பாகம். சதுரமான மரம், அதில் நான்கு துளைகள். எனக்குப் பின்னால் நின்ற மரக்கறிக்காரர், சிப்பாய் கேட்டதைத் தமிழில் சொன்னார்.

"கட்டில் காலா என்று கேட்கிறார்."

இந்த நாட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். ஒருவர்தான் நம்பினார்.

"ஆமா" என்றேன்.

சிப்பாய் இன்னொரு கேள்வி கேட்டார். "மற்ற மூன்றும் எங்கே என்கிறார்."

"முன்னாடி போயிடுச்சு."

அவர் தலையாட்டி, லீக்ஸைச் சரி செய்து, சாக்கை என் தோளில் தூக்கிவிட்டார்.

மதுரையில் அதைப் பூட்டும்போது, திருகாணித் துளை ஒவ்வொன்றிலும் ஒடித்த தீக்குச்சிகள் இறுக்கிச் செருகியிருப்பதைப் பார்த்தேன். தளர்ந்த துளைக்கு டீச்சர் செய்த வைத்தியம். அவற்றை எடுக்கவில்லை. புதுத் திருகாணியும் போடவில்லை. மற்ற ஏழும் சுவரில் தொங்குகின்றன. இது கீழே, என் மனைவியின் மர பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பீரோவில் ஒரு சின்னத் தேய்மானம் விழத் தொடங்கியிருக்கிறது. அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் என் கிட்டார்களைப் பார்க்க வந்தார். என்னைப் போலவே சேர்க்கிறவர். இதை எடுத்ததும் பின்பக்கம் திருப்பினார். குதறிய திருகாணிகளையும், நான்காவதில் என் கை நழுவிய கீறலையும் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, என் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது கழுத்த மாத்தியிருக்காங்க."

அவர் கேட்பார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.